பசையின் பதம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சோத்து டாக்டர். கதவில் 'உணவியல் ஆலோசகர்' என்று பளபளப்பாகப் பலகை மாட்டியிருந்தார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க, சோத்து டாக்டர் ரூமு" என்றுதான் வார்டு ஆயாக்கள் கை காட்டுவார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அவளுடைய வியாதியே வேறு. அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் கூடையை எட்டிப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், இவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். "உன்னைக் கூட்டிட்டு ஒரு இடம் போக முடியுதா? மானம் போகுது" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். இந்தக் கெட்ட பழக்கத்துக்குத்தான் ஆஸ்பத்திரி அவளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது.

அப்பேர்ப்பட்டவளையே தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தவர் பைண்டர் அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே போகிற தெருவில் பைண்டிங் கடை. மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுகள், வக்கீல்களின் வழக்குக் கட்டுகள், ஆபீஸ் ரிஜிஸ்டர்கள் என்று மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் தடித்த சட்டப் புத்தகங்களை ஒரு கையால் தூக்கி அலமாரியில் எறிகிற உடம்பாம். சோத்து டாக்டரிடம் முதல்முறை வந்தபோது நாற்காலியில் உட்காருவதற்கே மேசையைப் பிடித்துக்கொண்டார். வயிற்றுவலி, ஓயாத பேதி, காகிதம் மாதிரி வெளுத்துப்போன முகம். வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, கடைசியில் நோயைப் பிடித்திருந்தார். கோதுமையில் இருக்கிற ஒரு புரதம் அக்காவின் உடம்புக்கு ஆகாது. அது உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்கிக்கொள்ளும்.

"மருந்து என்ன மேடம்?" என்று கேட்டார் அக்கா.

"மருந்தே கிடையாதுக்கா. கோதுமையைத் தொடக் கூடாது. ரொட்டி, பிஸ்கட், கேக், சேமியா எதுவும் வேண்டாம். ஒரு துணுக்குகூடப் போகக் கூடாது."

"அவ்ளோதானா? விட்டுத் தொலைச்சேன் போங்க" என்றார் அக்கா.

விட்டும்விட்டார். கூடவே அவர் புருஷனும் விட்டார். அதுதான் பெரிய விஷயம். அந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுக்கு அவர்தான் வைத்தியர். பிறந்தது முதல் காலையில் வாட்டிய ரொட்டி இல்லாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லை. "அவ தொடாதது எனக்கு மட்டும் எதுக்கு?" என்று ரொட்டி வாட்டும் மெஷினைத் தானே கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். அதை சோத்து டாக்டரிடம் சொல்லும்போது அக்காவின் வெளுத்த முகத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வலி குறைந்தது, எடை கொஞ்சம் ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ரத்தத்தில் ஒரு அளவு இருக்கிறது. கோதுமை உள்ளே போகிறதா இல்லையா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மற்ற நோயாளிகளுக்கு மாதங்கள் போகப்போக அது இறங்கும். அக்காவுக்கு முக்கால் கிணறு இறங்கவேண்டியது கால் கிணற்றோடு நின்றுகொண்டது. ஒரு வருஷம் கழித்தும் அதே இடம். பேதி திரும்பி வந்தது. ஏறிய எடையும் வந்த வழியே போனது.

சோத்து டாக்டர் விடுவாளா? துருவ ஆரம்பித்தாள். சாஸ் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள், சில சாஸில் கோதுமை இருக்கும். சூப் பொடி, மாத்திரையில் சேர்க்கும் மாவு, பற்பசை, உதட்டுச் சாயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நான் எந்தக் காலத்துல உதட்டுச் சாயம் பூசினேன்!" என்று அக்கா சிரித்தார். அரிசி அரைக்கிற மில்லில் முன்னால் கோதுமை அரைத்திருப்பார்களோ என்று மில்லையே மாற்றச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய் அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள். மெக்கானிக் கூடவே நின்று ஒவ்வொரு மூடியாகக் கழற்றிக் கொடுத்தார். அந்த வீட்டில் கோதுமையின் வாடைகூட இல்லை.

வயிற்று டாக்டர் அதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "நான் சுத்தமா இருக்கேன்னு எல்லாரும்தாம்மா சொல்வாங்க. ரத்தம் பொய் சொல்லாது. வெளிய எங்கயோ சாப்பிடுறாங்க. இல்லேன்னா நோய் முத்திப்போய், சாப்பாட்டுக்கே கட்டுப்படாத நிலைமைக்குப் போயிருக்கணும். அப்படின்னா கடுமையான மாத்திரைதான். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் ஊதும். வேற வழியில்ல. அடுத்த டெஸ்ட் வரைக்கும் பாப்போம்."

கூட இருந்து இதைக் கேட்ட மெக்கானிக், 'வெளிய எங்கயோ சாப்பிடுறாங்க' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மாத்திரை, எலும்பு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சோத்து டாக்டரின் அறைக்கு வந்ததும் வெடித்தார்.

"நான் நாக்கைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன் மேடம். வேலைக்குப் போற இடத்துல டீயும் பிஸ்கட்டும் தருவாங்க, வேண்டாம்னு வச்சுட்டு வரேன். இவ என்னடான்னா கடையில உக்காந்து திருட்டுத்தனமாத் தின்னுட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் துடைச்சுக்கிறா!"

"ஏங்க, சத்தியமா இல்லைங்க."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?"

 அன்றைக்கு அக்காவோடு பேச்சை நிறுத்தியவர்தான் மெக்கானிக். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். கோபத்திலாவது ரொட்டியைத் தின்றாரா என்றால் அதுவும் இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் வலித்தது.

சோத்து டாக்டருக்குமே சந்தேகம் வந்துவிட்டது. சொல்ல வெட்கம்தான், ஆனால் வந்துவிட்டது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! சர்க்கரை தொடுவதே இல்லை என்று அழுத தாத்தாவின் தலையணைக்கு அடியில் மிட்டாய் இருந்ததுண்டு. அதற்காக அவள் யார் மேலும் கோபப்பட்டதில்லை. நாக்கு கேட்கும், மனிதன் கொடுப்பான், அவ்வளவுதான். ஆனால் அக்கா விஷயத்தில் ஏதோ உதைத்தது. திருட்டுத்தனமாகத் தின்பவர்கள் சாப்பாட்டுப் பேச்சை மாற்றுவார்கள். அக்கா மாற்றவே மாட்டார். "இன்னொரு தடவை கேளுங்க மேடம், ஏதாவது விட்டிருப்பேன்" என்று காலையிலிருந்து இரவு வரை சாப்பிட்டதைத் தானே திரும்பத் திரும்ப ஒப்பிப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் மேசையிலிருந்த தடித்த உணவு அட்டவணைப் புத்தகத்தை சோத்து டாக்டர் இழுத்தாள். அட்டை ஒரு பக்கம் வந்தது, உள்ளே இருந்தது இன்னொரு பக்கம் சரிந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எவன் போட்டது இது? மாவு வேகவே இல்ல. வேகாத பசை இப்படித்தான் பொருக்கு பொருக்காப் பேந்துவரும்."

"மாவா?"

"ஆமா. மைதாவுல காய்ச்சினதுதான்."

சோத்து டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பசை என்றால் அவளுக்குத் தெரிந்தது பிளாஸ்டிக் பாட்டிலில் மூக்கு வைத்து வருவது. முதல் நாள் 'என்ன வேலை' என்று கேட்டபோது அக்கா பைண்டிங் என்று சொன்னதும், நூல், ஊசி, அட்டை என்று தானே நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.

"அக்கா, நீங்களும் மைதாவுலதான் காய்ச்சுறீங்களா?"

"பின்ன? பாட்டில் பசை தடிச்ச கட்டுக்குத் தாங்குமா? தினமும் காய்ச்சுறதுதான். ஏன் மேடம், கண்ணு இப்படிப் பளபளங்குது?"

மைதா என்பது கோதுமையேதான். மறுநாள் மத்தியானமே சோத்து டாக்டர் கடையில் போய் நின்றாள். மெக்கானிக்கையும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். அவர் டூல் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

கடை நீளமாக, குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் கட்டுகள் கழுத்தளவுக்கு அடுக்கியிருந்தன. நடுவில் பெரிய சக்கரம் வைத்த அழுத்தும் பிரஸ். மேசை மேல் குத்தூசி, நூல்கண்டு, கலிக்கோ துணி வெட்டிய மிச்சங்கள். பின்பக்கம் ஒரு சின்ன மறைவில் அடுப்பும் ஒரு மைதா மூட்டையும் இருந்தன.

"இதான்!" என்று மூட்டையைக் காட்டினாள் சோத்து டாக்டர். "கொட்டும்போது தூசி பறக்கும். அது மூக்குவழியா, வாய்வழியா உள்ள போகும்."

"போகாதே மேடம்" என்றார் அக்கா. "எனக்கு மாவுத் தூசின்னா தும்மல் நிக்காது. மூஞ்சியில துணியை இறுக்கக் கட்டிக்கிட்டுத்தான் மூட்டையவே பிரிப்பேன்."

"சரி, அந்தக் கையோட சாப்பிடுறீங்கல்ல?"

"பசைக் கையோடயா? விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காதா? சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிட்டு, வெளி பெஞ்சுல உக்காந்து சாப்பிடுவேன்."

"சாப்பாட்டு டப்பாவை எங்க வைப்பீங்க?"

"அதோ, வெளிய. கடைக்குள்ள வச்சா எறும்பு வந்து புத்தகத்துல ஏறும்."

சோத்து டாக்டரின் முகம் தொங்கிப்போனது. ஒவ்வொரு கதவாகத் திறக்கிறாள், ஒவ்வொன்றின் பின்னாலும் சுவர்தான் நிற்கிறது. வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"கண்டுபிடிச்சாச்சா மேடம்? நான் வேலைக்குப் போகவா?"

 சாயங்காலத்துக்குள் ஒரு வக்கீலின் கட்டு போயாக வேண்டும். அக்கா அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் கரைத்த மாவை ஏற்றி, கட்டையால் கிண்ட ஆரம்பித்தார். சோத்து டாக்டருக்கு அங்கிருந்து போகவும் மனமில்லை, நின்று என்ன செய்வது என்றும் தெரியவில்லை. எந்தப் பாத்திரம் அடுப்பில் இருந்தாலும் எட்டிப் பார்க்கிற புத்தி எங்கே போகும்? பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்லக் கண்ணாடி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"வெந்துடுச்சுன்னு எப்படிக்கா தெரியும்?"

"பதம் பாக்கணும்" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே சுண்டுவிரலால் கட்டை நுனியில் ஒரு துளி வழித்து, ஊதி, நாக்கில் வைத்தார். கண்ணை மூடி மேல் அண்ணத்தில் ஒரு தட்டு தட்டினார். "ம்ஹூம். பச்சை வாடை போகல."

மறுபடி கிண்டினார். மறுபடி சுண்டுவிரல், மறுபடி நாக்கு. பிறகு காலையில் காய்ச்சி ஓரமாக மூடிவைத்திருந்த பசையைத் திறந்தார். "இது புளிச்சிருந்தா வேஸ்ட்டு" என்று அதிலும் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு." அதே விரலால் உதட்டில் ஈரம் தொட்டுக்கொண்டு, மேசையிலிருந்த கட்டின் தாள்களைச் சரசரவென்று எண்ண ஆரம்பித்தார்.

 வாசலில் டூல் பை தோளிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. மெக்கானிக் உள்ளே வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடைக்கு வந்துபோகிறார். அந்தச் சுண்டுவிரல் நாக்குக்குப் போவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். இன்றைக்குத்தான் அது கண்ணில் விழுந்தது.

"என்ன? ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்றார் அக்கா.

"அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"தாள் எண்ணுனேன்."

"அதுக்கு முன்னாடி?"

"பதம் பாத்தேன்."

"எதுல பாத்தீங்க?"

அக்காவின் விரல் பாதி வழியில் உதட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. அதை ஏதோ அடுத்தவர் விரல் மாதிரி பார்த்தார்.

"மேடம், இது பசை! பசையை யாராவது சாப்பிடுவாங்களா?"

"சாப்பிட மாட்டாங்கதான். அதனாலதான் நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. எத்தனை வாட்டி உங்களை உக்கார வச்சு 'என்ன சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க'ன்னு கேட்டிருப்பேன்! வாயில என்ன வச்சீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலயே. தப்பு என் மேலதான்கா."

சோத்து டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்காவும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அப்ப நான் ராத்திரியில எந்திரிச்சுத் திங்கலையே? இல்லையே மேடம்?"

"என்னக்கா சொல்றீங்க?"

"ரத்தம் பொய் சொல்லாதுன்னு டாக்டர் சொன்னாரு. இவரும் சொன்னாரு. நான் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அப்ப என்னதான் நடக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு, ஒருவேளை தூக்கத்துல எந்திரிச்சுப் போயி எங்கயாச்சும் திங்கிறேனோன்னு நினைச்சுட்டேன். பைண்டிங் நூலால மணிக்கட்டைக் கட்டில் கால்ல கட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். விடிஞ்சதும் நூல் அறுந்திருக்கான்னு பாப்பேன். அறாது. அப்பவும் நம்பிக்கை வராது. நானே அவுத்துட்டு, தின்னுட்டு வந்து, திரும்பக் கட்டிக்கிறேனோன்னு தோணும்."

இதைச் சொல்லும்போது அவர் புருஷனைப் பார்க்கவே இல்லை. சோத்து டாக்டர்தான் பார்த்தாள். அந்த மனிதர் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார்.  பிறகு நேராக அடுப்புக்குப் போய், சுடச்சுட இருந்த பாத்திரத்தைப் பிடிதுணிகூட இல்லாமல் தூக்கினார். "கை, கை!" என்று சோத்து டாக்டர் கத்தினாள். காதில் வாங்காமல் பின்கதவு வழியாகப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். திரும்பி வந்து மைதா மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து காலையில் காய்ச்சிய பசையும் போனது. அப்புறம் குழாயடியில் உட்கார்ந்து, பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். சோத்து டாக்டர் கிளம்பும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

வயிற்று டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பசையா?" என்றார். "பசைதான் டாக்டர்" என்றாள். "பசை!" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அதற்குப் பிறகு மைதா இல்லாத பசைக்கான வேட்டை நடந்தது. மக்காச்சோள மாவுப் பசை காய்ந்ததும் வெடித்தது. மரவள்ளி மாவு கூழாக வழிந்தது. அரிசி மாவுதான் கடைசியில் பிடித்தது. அதையும் கோதுமை படாத மில்லில் அரைத்ததுதானா என்று சோத்து டாக்டர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா வாராவாரம் வந்து எடை பார்த்துக்கொண்டு போனார். வலி குறைவதைச் சொல்வார், பேதி நின்றதைச் சொல்வார். வீட்டில் பேச்சு வந்ததா என்று மட்டும் சொல்ல மாட்டார். சோத்து டாக்டருக்கு நாக்கு நுனி வரை வரும். ஆனால் அது தட்டில் இருக்கிற விஷயம் இல்லையே, எந்த முகத்தோடு கேட்பது? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு அலைந்தாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்த அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மத்தியான வெயிலில் கடைக்கே நடந்து போனாள்.

டூல் பை வாசலில் கிடந்தது. உள்ளே அக்கா அரிசி மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெக்கானிக் ஒரு கரண்டியோடு, மீசையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றார். சோத்து டாக்டரைக் கண்டதும் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இறங்கிடுச்சுக்கா. பாதிக்கும் கீழ!"

அக்கா கிண்டிக்கொண்டே தலையாட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"மீசையில என்ன சார்?" என்று கேட்டேவிட்டாள் சோத்து டாக்டர்.

"அதை ஏன் கேக்குறீங்க மேடம்" என்றார் அக்கா. "அரிசிதான், ஒண்ணும் செய்யாதுன்னு நீங்க சொன்னாலும் எனக்கு நாக்குல வைக்கப் பயமா இருக்கு. விரல் பாதி தூரம் போயி நின்னுடுது. இவரு மன்னிப்புக் கேக்க வந்தாரு. வாயில வரல. முழிச்சுக்கிட்டே நின்னாரு. அந்த வாயை வச்சு இதையாவது செய்யுங்கன்னு கரண்டியைக் குடுத்தேன். அன்னையிலேர்ந்து தினமும் மத்தியானம் வந்து நக்கிட்டுப் போறாரு. அந்த ஏரியா லிஃப்ட்டெல்லாம் தொங்கிக்கிட்டு நிக்குதாம்."

 மெக்கானிக் ஒளித்த கரண்டியை மெல்ல முன்னால் கொண்டுவந்து, ஒரு துளி எடுத்து, ஊதி, நாக்கில் வைத்தார். அக்காவைப் போலவே கண்ணை மூடி, மேல் அண்ணத்தில் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றார்.

"ஆமா, இவருக்கு ரொம்பத் தெரியும்" என்றார் அக்கா. ஆனால் அடுப்பை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, மறுபடியும் கிண்ட ஆரம்பித்தார்.